ஒரு நிமிடம் யாரும் பேசாதீர்கள்

வேலூரில் கல்யாண வீடியோவும் குறும்படமும் எடுக்கிற பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். போன கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, சவுண்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். சால்வை போட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. படப்பிடிப்பு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதற்கு ரூம் டோன் என்று பெயர், அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது, பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதைத்தான் போட்டு நிரப்புவோம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எடிட்டிங் கடை வைத்திருக்கிற நவீன் எழுந்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? சாஃப்ட்வேரே இரைச்சல எடுத்துடுது, அதுவே நிரப்பியும் குடுத்துடுது. ஒரு பட்டன் தான்."

அவன் சொன்னது சரிதான். "ஆமாம்பா" என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது நான் சவுண்ட் எடுத்துக்கொடுத்த அமெரிக்க டைரக்டர் ரூத்தின் நினைவு வந்தது. ரூத் போன வருடம் இறந்துபோனார். அவருடைய தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்து சொன்னார். ரூம் டோன் எதற்கு என்று நவீனுக்குச் சொல்லவேண்டிய பதில் ரூத்தின் கதையில்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் மெஷின் ஓட்டினவர். நான் தோலுக்குப் போகாமல் சத்தத்துக்குப் போனேன். ஆம்பூரில் ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்து கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். பிறகு சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டர். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபிளை முறுக்கு விழாமல் சுற்ற வேண்டும், டைரக்டர் திட்டும்போது அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் டிவிக்காரர்களோடும் டாக்குமென்டரிக்காரர்களோடும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்படி இருக்கும்போதுதான், ஊரும் தெரிந்த, மொழிபெயர்க்கவும் தெரிந்த சவுண்ட் ஆள் ஒருவர் வேண்டும் என்று ஒரு அமெரிக்க அம்மா தேடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் எனக்கு நன்றாகத் தெரியும். என் இங்கிலீஷ் நொண்டிக்கொண்டுதான் நடக்கும். டேப் போட்ட கேமராக்களின் காலம் அது.

ரூத் ஒல்லியானவர், உயரமானவர், நரைத்த முடியைப் பென்சில் குத்திக் கொண்டை போட்டிருப்பார். அமெரிக்காவில் ஷூ தொழிற்சாலைகளால் பிழைத்த ஒரு சின்ன ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர். அப்பா தோல் வெட்டுகிற தொழிலாளி. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ரூத் ஓவியம் படித்து, கண்காட்சிகள் வைத்து, பிறகு சினிமாவுக்கு வந்தார். ஏன் ஆம்பூருக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கள் ஊரில் மூடிய வேலை எங்கே போனது என்று பார்க்க வந்தேன். இங்கேதான் வந்திருக்கிறது" என்றார்.

பைபிளில் இருக்கிற பெயர் என்பதால் எங்கள் தெரு அம்மாக்கள் வந்த அன்றைக்கே அவரை ரூத்தம்மா ஆக்கிவிட்டார்கள். அடுத்த நாள் விருந்துக்குக் கூப்பிட்டபோதுதான் அவர் கறி சாப்பிடமாட்டார் என்று தெரிந்தது. ஆம்பூருக்கு வந்து பிரியாணி வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வெறும் சோற்றில் கத்திரிக்காய்த் தொக்கைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறையும் கேட்டார். சமைத்த அம்மாவுக்கு வருத்தம் போய்விட்டது.

வந்ததும் கேமராவை எடுப்பார் என்று பார்த்தால், எடுக்கவில்லை. பல நாள் கரித்துண்டு வைத்து வரைந்துகொண்டே இருந்தார். ஷூ கம்பெனியில் வெட்டிப்போட்ட லைனிங் தோல் துண்டுகளில் வரைவார். தைக்கிற பெண், தோல் மூட்டை தூக்குகிறவர், டீக்கடைக்காரர் என்று யாரை வரைந்தாலும் வரைந்த துண்டை அவரிடமே கொடுத்துவிடுவார். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. தினமும் மைக்கைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஒரு காலை, ஷூ கம்பெனி வாசலில் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். நல்ல வெளிச்சம். அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்துச் சத்தத்தைக் கெடுத்தான். "இன்னொரு தடவ ஏறி எறங்குங்கம்மா" என்றேன். நான் வேலை கற்ற இடங்களில் அது சாதாரணம். பெண்களும் சிரித்துக்கொண்டே ஏறப் போனார்கள். ரூத் லென்ஸை மூடினார், கேமராவைப் பைக்குள் வைத்தார், ஜிப்பை இழுத்தார். அன்றைய வேலை முடிந்தது. டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், தேவ். வேலைக்குப் போவதுபோல் நடிக்கச் சொல்லக்கூடாது." குரலை உயர்த்தவில்லை. சென்னையில் வாங்கிய திட்டெல்லாம் சேர்ந்தும் எனக்கு அத்தனை உறைத்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நான் ரூம் டோன் எடுக்கும்போது மற்ற டைரக்டர்கள் கேமராவை அணைத்துவிட்டு டீ எங்கே என்று பார்ப்பார்கள். ரூத் அணைக்கமாட்டார். நான் ஹெட்போனைக் கழற்றும்வரை கேமரா ஓடிக்கொண்டிருக்கும். டேப் வீண் என்று ஒருமுறை சொன்னேன். "மனிதர்கள் நமக்காக எதுவும் செய்யாத ஒரே நிமிடம் அதுதான்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

பேரணாம்பட்டில் கஸ்தூரியம்மாவை எங்களுக்கு அறிமுகம் செய்தவர் ரஹ்மத் பாய். வீடு வீடாகப் பீடி இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிப் போகிறவர்.

"அவங்க வீட்டுக்காரரு டேனரில இருந்தாரு. அவரு போனதப் பத்தி இந்தத் தெருவுல யாரும் வாயத் தெறக்கமாட்டாங்க. அந்தம்மாவா சொன்னா கேட்டுக்கோங்க, நீங்களா கேக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ரூத் கேட்கவில்லை. கஸ்தூரியம்மா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். அவர் சுற்றிய பீடி நடுவில் பருத்து இரண்டு பக்கமும் பிரிந்துகொண்டு நின்றது. கஸ்தூரியம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதக் குடிச்சான்னா எவனும் பீடியே வுட்டுடுவான்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் ரூத் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்படியே சில நாள் போனது. ஒரு மத்தியானம் கஸ்தூரியம்மா முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"கதவ சாத்துங்கண்ணா. சொல்றேன்."

ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட். சத்தம் வரும் என்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று. உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். டேனரி மேஸ்திரியின் வீடு எதிர்வரிசையில் இருந்ததால் கஸ்தூரியம்மா ரகசியம்போல்தான் பேசினார். மீட்டரில் முள் எழவே இல்லை. மைக்கை அவர் தாடைக்குக் கீழே எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழிவுத் தொட்டி அடச்சிக்கிச்சு, எறங்குன்னாங்களாம். எறங்கினவரு ஏறல. மேல தூக்கும்போதே உசுரு இல்ல. கூட வேல செஞ்சவங்க பாத்திருக்காங்க. அப்படியே ஆட்டோல போட்டுக் கொண்டாந்து இந்தக் கட்டில்ல படுக்க வச்சிட்டாங்க. நான் இதே எடத்துல ஒக்காந்து பீடி சுத்திட்டிருந்தேன். நெஞ்சு வலி, வீட்ல தான் போச்சுன்னு சொல்லுன்னாங்க. செத்தவர என் எதிர்ல கொண்டாந்து வச்சிட்டு, என் எதிர்ல தான் செத்தாருன்னு சொல்லச் சொன்னாங்கண்ணா."

பிறகு இதையும் சொன்னார்.

"கம்பெனில யாரு செத்தாலும் காலைல கேட்டாண்ட எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னுட்டு தான் உள்ள போவாங்க. வீட்ல செத்தவருக்கு எதுக்குன்னு அதக்கூட பண்ணல. இவரு பாட்டுக்குப் போய்ட்டாரு."

அவர் அழவில்லை. எனக்குத்தான் ஹெட்போனுக்குள் காது சுட்டது. ஆனாலும் வேலை வேலைதான். அந்த அறையின் ரூம் டோன் எடுக்க வேண்டும். வெளியிலோ ஒரே பேச்சுச் சத்தம். வெள்ளைக்கார அம்மா உள்ளே இருக்கிறார், கதவும் சாத்தியிருக்கிறது என்றால் தெரு சும்மா இருக்குமா? கதவைத் திறந்தேன். பெண்களும் ஆண்களுமாகக் கூட்டம். ரஹ்மத் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். நல்லவேளை, மேஸ்திரி வேலைக்குப் போயிருந்தார்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. அசையாம நில்லுங்க" என்றேன்.

எங்கே போனாலும் நான் சொல்கிற வார்த்தைகள்தான். ஆனால் டேனரி வாசலில் ஆள் செத்தால் சங்கத்துக்காரர் சொல்கிற வார்த்தைகளும் இவைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள், உள்ளே கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாவைப் பார்த்தார்கள். பேச்சு அப்படியே நின்றது. ரஹ்மத் பாய் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சர்ச்சுக்குப் போகிற ஒரு அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவை மறுபடி சாத்த எனக்குக் கை வரவில்லை.

கஸ்தூரியம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

நான் முள்ளைப் பார்த்தேன். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஒரு குழந்தையின் இருமல். தூரத்தில் டேனரி டிரம் சுற்றுகிற சத்தம், தோல் உள்ளே புரண்டு புரண்டு விழுகிற சத்தம். நிமிடம் முடிந்து ஹெட்போனைக் கழற்றினேன். யாரும் அசையவில்லை. ரஹ்மத் பாய் "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டதும் அந்தச் சர்ச் அம்மா "ஆமென்" என்றதும் ஒரே நேரத்தில் கேட்டது. அப்புறம்தான் பெண்கள் உள்ளே வந்து கஸ்தூரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அவர் அழுதார்.

தொழில் கணக்கில் அது கெட்டுப்போன பதிவு. பேச்சு எடுத்தது சாத்திய அறையில், ரூம் டோன் எடுத்தது திறந்த கதவில், டிரம் சத்தம் வேறு. கூட்டம் கலைந்ததும் ரூத்திடம் போய், இது உதவாது, கதவைச் சாத்தி இன்னொன்று எடுக்கலாம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அவர் கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ரூத் அமெரிக்கா போய்ப் படத்தைத் தொகுத்துவிட்டு அடுத்த வருடம் திரும்பி வந்தார். முடிந்த படத்தோடு அல்ல, முடிக்காத படத்தோடு. படத்தில் இருக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும், யார் எதை வெட்டி எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய முறை. ஒரு சின்ன டிவியைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். அவரவர் வருகிற பகுதியை அவரவர் வீட்டிலேயே போட்டுக் காட்டினோம். காட்டும்போது ரூத் அவர்களுக்குப் பின்னால் உட்காருவார், என்னையும் பின்னால் உட்காரச் சொல்வார். முகத்தைப் பார்த்தால் அவர்கள் நமக்காகச் சிரித்துவிடுவார்கள் என்பார். ஒருவர் கிழிந்த பனியனோடு வருகிறதை எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று. ஒரு புருஷன் பெண்டாட்டி, தாங்கள் சண்டை போட்டதை எடுக்கவே கூடாது என்று சேர்ந்து நின்று சொன்னார்கள். அது இருந்தது.

கஸ்தூரியம்மா வீட்டில் அவரும் மகள் சுமதியும் உட்கார்ந்து பார்த்தார்கள். சுமதி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள், அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. படம் ஓடி முடிந்தது. சுமதி குனிந்து தரையைப் பார்த்தாள். கஸ்தூரியம்மா திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நான் பேசறத எடுத்துடுங்கண்ணா."

அந்தப் படத்துக்கு உயிரே அவர் பேச்சுதான். ரூத்துக்கு மொழிபெயர்த்துவிட்டு, ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். ரூத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். என் கையைத் தொட்டார்.

"ஏன் என்று கேட்காதே, தேவ். எங்கிருந்து எதுவரைக்கும் என்று மட்டும் கேள்."

கேட்டேன். கஸ்தூரியம்மா ரூத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மறுத்துப் பேசுவோம், கெஞ்சுவோம் என்று மனதில் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருப்பார் போல.

"நீங்க கேக்கல, அதனால நானே சொல்றேன். இவ ஆம்பூர்ல தைக்கிற கம்பெனியும் அதே மொதலாளிது தான். இவ சம்பளத்துல தான் இங்க அடுப்பு எரியுது. அவரு போய்ட்டாரு. இவ இருக்கா. கதவ சாத்தினதுல இருந்து நீங்க தெறந்த வரைக்கும் எடுத்துடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்புறமா எல்லாரும் நின்னாங்க இல்ல? அது மட்டும் இருக்கட்டும். அதுல யாரும் யாரு பேரையும் சொல்லல. அவருக்குன்னு நின்னது அது ஒண்ணு தான்."

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரூத்தோடு சண்டை போட்டேன். படத்துக்குப் பணம் போட்ட அமெரிக்க டிவிக்காரர்கள் அந்தப் பேச்சைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றிருந்தார்கள். அது இல்லாவிட்டால் ஒளிபரப்பமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். உண்மை வெளியே வர வேண்டாமா, இதற்காகவா இத்தனை தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். என் நொண்டி இங்கிலீஷ் அன்றைக்கு ஓடவே செய்தது. ரூத் டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

தோல் வெட்டுகிற மெஷினில் அவர் அப்பாவுக்கு இரண்டு விரல் போய்விட்டது. ரூத் ஓவியம் படித்துமுடித்து வைத்த முதல் கண்காட்சியில் அந்தக் கையைத்தான் பெரிதாக வரைந்து நடுச்சுவரில் மாட்டியிருந்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. பார்த்து மகிழட்டும் என்று வைத்திருந்தாராம். ஊரே பாராட்டியது. அப்பா புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்தார். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகிறவரை வெளியே எடுக்கவில்லை.

"குறை சொல்லவில்லை, தேவ். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். அன்றைக்கே நான் தூரிகையைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு யாரை வரைந்தாலும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்."

மறுநாள் ஆட்டோ பிடித்து மறுபடியும் கஸ்தூரியம்மா வீட்டுக்குப் போனோம். அவர் பேசிய மூல டேப்பை ரூத் அவர் கையில் வைத்தார். தன்னிடம் இருக்கிற பிரதியை ஊருக்குப் போனதும் அழித்துவிடுவேன், இனி இது உங்களிடம் மட்டும்தான் இருக்கும், போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம் என்று என்னைச் சொல்லச் சொன்னார். கஸ்தூரியம்மா அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தார்.

நான் பயந்தபடியே டிவிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். ரூத் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பெடுத்து, அந்த வருமானத்தில் படத்தை முடித்தார். கல்லூரிகளிலும் சர்ச் ஹால்களிலும் சங்கக் கட்டடங்களிலும் ஓடியது. பேரணாம்பட்டில் அந்தத் தெருவிலேயே வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். படத்தில் என் குரல் "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றதும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சனம் மொத்தமும் எழுந்து நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எப்போது போட்டாலும் அந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். அது வழக்கமாகிவிட்டது. மேஸ்திரிகூட ஒருமுறை நின்றார்.

ரூத் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். படத்தின் முடிவில் அவர் பெயர் வருகிற அதே எழுத்தளவில் என் பெயரைப் போட்டார். எங்கெங்கோ இருக்கிற டைரக்டர்களுக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். அந்த வேலைகளால்தான் என் இரண்டு பெண்களும் படித்தார்கள், நான் சொந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதையெல்லாம்விட, கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார். என் மனைவி அதை நம்பமாட்டாள், ஆனால் தொழிலில் நான் அப்படித்தான் இருந்தேன்.

நவீன் கேள்வி கேட்ட கூட்டத்துக்கு அடுத்த வாரம், என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். கஸ்தூரியம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மஞ்சள் துணிப் பொட்டலம்.

"ரூத்தம்மா போய்ட்டாங்களாமே. ரஹ்மத் பாய் சொன்னாரு" என்றார்.

ஆமாம் என்றேன். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"அண்ணா, சுமதி இப்ப கலவை ஸ்கூல்ல சத்துணவுல இருக்கா. கவர்மென்ட்டு வேல. எந்த மொதலாளியும் இன்னா பண்ண முடியும்? அவ புள்ள கேக்கறான், தாத்தா எப்படி செத்தாருன்னு. வீட்லன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. வாயால புதுசா சொன்னா, கெழவி இப்ப வந்து கத கட்றான்னு சொல்வாங்க. அன்னிக்கே சொன்னது இதுல இருக்குது இல்ல? இத நம்ம தெருவுல போடணும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். டேப்பின் மேல் லேசாகப் பூஞ்சை. என் பழைய மெஷின் அதைச் சாப்பிட்டுவிடுமோ என்று அதில் போடவில்லை. நவீன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் சேர்ந்து சுத்தம் செய்து, மெல்ல ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றினோம். படம் அங்கங்கே உடைந்தது. சத்தம் இருந்தது, ஆனால் அன்றைக்குச் சின்ன டிவியில் கேட்ட அளவுகூடக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. நவீன் அவன் பட்டனை அழுத்தினான். இரைச்சல் கழன்று போய், அதற்கு அடியிலிருந்து கஸ்தூரியம்மாவின் குரல் ஒவ்வொரு சொல்லாக எழுந்து வந்தது. அன்றைக்கு என் மைக்கால் முடியாததை அந்தச் சாஃப்ட்வேர் செய்தது. அதற்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நவீன் கடைசிவரை கேட்டான். கதவு திறக்கிற சத்தம் வந்தது. என் குரல் வந்தது. பிறகு குடத்தில் சொட்டுகிற தண்ணீர், இருமல், டிரம்.

"இந்த ஒரு நிமிஷத்த இன்னா சார் பண்றது?" என்றான்.

"அதத் தொடாதப்பா."

"தொடமாட்டேன் சார்."

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரணாம்பட்டில் அந்தத் தெருவில் பெட்டி ஸ்பீக்கரை நானே தூக்கிப்போய் வைத்தேன். தொழிலை எந்த வேலையில் தொடங்கினேனோ அதிலேயே வந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கஸ்தூரியம்மா கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுமதி மகனோடு அவர் காலடியில் உட்கார்ந்தாள். ரஹ்மத் பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார வைத்தோம்.

முதலில் பழைய படத்தைப் போட்டோம். அந்த இடம் வந்ததும் தெரு வழக்கம்போல எழுந்து நின்றது. நிமிடம் முடிந்தது. படத்தை அங்கேயே நிறுத்தினேன். யாரும் உட்காரவில்லை, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றார்கள். கஸ்தூரியம்மா கையைக் காட்டினார்.

"எல்லாரும் ஒக்காருங்க. நின்னது போதும். ஒக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தார்கள். நான் பட்டனை அழுத்தினேன். "கழிவுத் தொட்டி அடச்சிக்கிச்சு" என்று அந்தப் பழைய குரல் ரகசியம்போல் தொடங்கியது. எதிர்வரிசையில் மேஸ்திரி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் கம்மியா இருக்குதுண்ணா. ஜாஸ்தி பண்ணுங்க."

ஏற்றினேன்.

"இன்னும்."

ஏற்றினேன். எதிர் வீட்டில் டிவியை நிறுத்தினார்கள்.